வேகம் இருக்கட்டும், வீட்டுக்குள் டவர் எடுக்குதா?

"5ஜி போன் வாங்கலாமா?" என்று கேட்பவர்களோடு ஐந்து நிமிடம் பேசினால் போதும், அவர்கள் மனதில் இருப்பது வேறு என்று தெரிந்துவிடும். ஒருவருக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் பேச்சு அறுந்து அறுந்து வருகிறது. இன்னொருவருக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது. மளிகைக் கடைக்காரருக்கு, பணம் வந்துவிட்டது என்று ஸ்பீக்கர் சொல்லும்போது சாமான் வாங்கியவர் தெருமுனையைத் தாண்டியிருக்கிறார். இருக்கிற தொல்லை தீருமா என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். தீரும், 5ஜிக்கு மாறுங்கள் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. அதை நம்பிப் பதினைந்தாயிரம் இருபதாயிரம் செலவழித்துவிட்டு, பழைய தொல்லையோடே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போனில் பேசுவது, வாட்ஸப் பார்ப்பது, பணம் அனுப்புவது, படுக்கும் முன் ஒரு படமோ சீரியலோ பார்ப்பது என்று இருக்கும் ஒருவருக்கு ஒழுங்கான 4ஜி தாராளமாகப் போதும். 5ஜிக்காக நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் போனை மாற்ற வேண்டாம், மாதாமாதம் கூடுதலாகப் பணம் கட்டவும் வேண்டாம். அந்த ஒழுங்கான 4ஜியே இன்னும் பல ஊர்களுக்கு, பல வீடுகளின் உள்ளறைகளுக்கு, வந்து சேரவில்லை. என் கவலை அதைப் பற்றியது.

கணக்கிலிருந்து தொடங்குவோம். 1080 தெளிவில் படம் பார்க்க விநாடிக்கு 5 மெகாபிட் வேகம் வேண்டும், 4கேவுக்கு 15 மெகாபிட் வேண்டும் என்று நெட்ஃபிளிக்ஸ் தன் வாடிக்கையாளர்களுக்குச் சொல்கிறது. உள்ளங்கை அகலத் திரையில் 4கேவுக்கும் 1080க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவதே கடினம். நம்மில் பலர் யூடியூப்பை 480இல்தான் ஓடவிடுகிறோம். அதற்கு விநாடிக்கு ஒன்றரை மெகாபிட் இருந்தால் தடையில்லாமல் ஓடும். வாட்ஸப்பில் பேசுவதற்கு அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது. கூட்டம் இல்லாத ஒரு 4ஜி கோபுரத்துக்குப் பக்கத்தில் நின்றால் 20, 30 மெகாபிட் சாதாரணமாகக் கிடைக்கிறது. நாம் செய்கிற வேலைகளைப்போலப் பல மடங்கை அது தாங்கும்.

யுபிஐயை எடுத்துக்கொள்ளுங்கள். டீக்கடையில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து 15 ரூபாய் அனுப்பும்போது உங்கள் போனிலிருந்து போவது சில கிலோபைட் தகவல். அது உங்கள் வங்கிக்குப் போக வேண்டும், யுபிஐயை நடத்தும் என்பிசிஐயின் கணினி வழியாகக் கடைக்காரரின் வங்கியை எட்ட வேண்டும், அங்கிருந்து சரி என்ற பதில் திரும்பி வர வேண்டும். நடுவில் ஏதாவது ஒரு வங்கியின் சர்வர் திணறினால் சக்கரம் சுற்றத்தான் செய்யும், கையில் எந்தத் தலைமுறை போன் இருந்தாலும். பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்காக 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி யுபிஐ 123பே வசதியைத் தொடங்கி வைத்தது. இன்டர்நெட்டே இல்லாத போனில் பணம் அனுப்ப முடிகிறது என்றால், பணம் அனுப்ப 5ஜி வேண்டுமா என்ற கேள்விக்கு அதுவே பதில்.

தட்கல் டிக்கெட் இன்னொரு நம்பிக்கை. 5ஜி இருந்தால் தீபாவளிக்கு ஊருக்குப் போக தட்கல் கிடைத்துவிடும் என்று போனை மாற்றியவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். ஏசி வகுப்புகளுக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. அந்த நிமிடத்தில் நாடு முழுவதும் இருந்து பெருங்கூட்டம் ஒரே தளத்தின் கதவைத் தட்டுகிறது. நெரிசல் அந்த வாசலில் இருக்கிறது, உங்கள் தெருவில் இல்லை. 4ஜியில் ஒரு கோரிக்கை போய்த் திரும்ப ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5ஜியில் அது பாதியாகலாம். கேப்சா தட்டவும், ஓடிபி வரவும், பணம் கட்டவும் ஆகும் நேரத்தோடு ஒப்பிட்டால் அந்த மிச்சம் கணக்கிலேயே வராது. பயணிகளின் பெயர், வயதை முதல் நாளே மாஸ்டர் லிஸ்ட்டில் ஏற்றி வைத்திருப்பது அதைவிட அதிகம் உதவும்.

விளம்பரங்களில் வரும் பெரிய எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். விநாடிக்கு 20 ஜிகாபிட், ஒரு மில்லிவிநாடி தாமதம், ஒரு சதுர கிலோமீட்டரில் 10 லட்சம் கருவிகள். இவை ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூ 5ஜிக்காக வகுத்த இலக்குகள். தொழிற்சாலை இயந்திரங்கள், துறைமுகக் கிரேன்கள், ஊர் முழுக்கப் பதித்த உணரிகள் எல்லாவற்றையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஒரு சாதாரணப் பயனர் கையில் உணரும் பதிவிறக்க வேகமாக அதே இலக்குகளில் குறிக்கப்பட்டிருப்பது 100 மெகாபிட். 20 ஜிகாபிட்டுக்கும் 100 மெகாபிட்டுக்கும் நடுவில் இருநூறு மடங்கு இடைவெளி. விளம்பரம் முதல் எண்ணை மட்டும் சொல்கிறது.

தினசரி டேட்டா அளவோடு வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். தினம் 1.5 ஜிபி பேக் போட்டிருக்கிறீர்கள். 5 மெகாபிட்டில் தெளிவான படம் ஓடினால் அது 40 நிமிடத்தில் தீரும். 300 மெகாபிட்டில் எதையாவது இறக்கினால் 40 விநாடியில் தீரும். அளவு கட்டிய பேக்கை வைத்துக்கொண்டு வேகத்தை மட்டும் கூட்டுவதால் வீட்டில் இருப்பவருக்கு என்ன கிடைக்கிறது?

சரி, 4ஜி போதும் என்றால் ராத்திரி ஏன் சுற்றுகிறது? ஏன் அடுப்படியில் பேச முடியவில்லை? இரண்டும் வேறு வேறு நோய்கள். இரண்டாவதை முதலில் பார்ப்போம், ஏனென்றால் என்னிடம் அதிகம் வருவது அந்தக் கேள்விதான்.

தேனிப் பக்கம் மலையடிவாரத்தில் என் அத்தை இருக்கிறார். போனில் ஒரு நாள் கேட்டார்: "ஏப்பா, வாசல்ல நின்னா நாலு பாயிண்ட் காட்டுது, அடுப்படிக்கு வந்தா ஒண்ணுகூட இல்ல. பேசிக்கிட்டே இருக்கும்போது கட்டாயிருது. 5ஜி போன் வாங்குனா உள்ள வரைக்கும் எடுக்குமா?"

அத்தையிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். இந்தியாவில் 5ஜி பெரும்பாலும் 3300 மெகாஹெர்ட்ஸ் என்று அழைக்கப்படும் பட்டையில் ஓடுகிறது. 4ஜி ஓடுவது 850, 900, 1800, 2100, 2300, 2500 பட்டைகளில். மேலே போகப் போக அகலமான இடம் கிடைக்கும், தகவலை நிறைய ஏற்றலாம். ஆனால் அலை போகும் தூரம் குறையும், சுவரைத் தாண்டும் சக்தியும் குறையும். ஊர்த் திருவிழாவில் ஸ்பீக்கர் செட் அலறும்போது கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே படுத்துப் பாருங்கள். பாட்டின் சொல் கேட்காது, தும் தும் என்ற அடி மட்டும் சுவரைத் தாண்டி வரும். ரேடியோ அலைக்கும் கிட்டத்தட்ட அதே குணம்தான். 900இல் வரும் 4ஜியே தடுமாறும் காங்கிரீட் அடுப்படிக்குள் 3300இல் வரும் 5ஜி நுழையும் என்று எதிர்பார்ப்பது வீண்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. 700 மெகாஹெர்ட்ஸ் பட்டை தூரமும் போகும், சுவரும் தாண்டும். 2022இல் நடந்த அலைவரிசை ஏலத்தில் அதை வாங்கியது ஜியோ மட்டும். அந்த அலையில் 5ஜி கிடைக்கும் இடத்தில் உள்ளறையிலும் எடுக்க வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டை குறுகலானது, விளம்பரத்தில் பார்த்த வேகம் அதில் வராது. எதிர்ப்பக்கம் 26 ஜிகாஹெர்ட்ஸ் பட்டை இருக்கிறது. வேகம் அபாரம், ஆனால் குறுக்கே ஒரு மரம் நின்றாலே தடுமாறும். போன் திரையில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே 5ஜி அடையாளம்தான். எந்த 5ஜி என்று அது சொல்வதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. 2022இல் ஏர்டெல் தேர்ந்தெடுத்த முறையில் 5ஜி, 4ஜியின் தோளில் ஏறி நிற்கிறது. இணைப்பைப் பிடித்து வைத்திருப்பது 4ஜி, டேட்டா வேகத்தைக் கூட்டுவது 5ஜி. 4ஜி எடுக்காத மூலையில் அந்த 5ஜியும் எடுக்காது, பேசும் அழைப்பும் 4ஜி வழியாகவே போகும். ஜியோ தொடக்கத்திலிருந்தே தனித்து நிற்கும் 5ஜியைக் கட்டியது. ஏர்டெல்லும் பிறகு அந்தப் பக்கம் நகரத் தொடங்கியது. தொழில்நுட்பமாக இது சுவையான விஷயம், தனிப் பதிவே எழுதலாம். அத்தையின் அடுப்படிக்கு இதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

அத்தைக்கு 5ஜி போன் வாங்கவில்லை. பக்கத்து வீட்டில் வேறொரு கம்பெனி சிம் வைத்திருந்தார்கள். அந்தப் போனை வாங்கி அடுப்படியில், படுக்கிற அறையில், பின்கட்டில் வைத்துப் பார்த்தோம். எல்லா இடத்திலும் எடுத்தது. எண்ணை மாற்றாமல் கம்பெனியை மட்டும் மாற்றிவிட்டோம். செய்முறை எளிது: ஆங்கிலத்தில் போர்ட் என்று டைப் செய்து, ஒரு இடைவெளி விட்டு, உங்கள் எண்ணைச் சேர்த்து 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் ஒரு குறியீடு வரும். அதையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு புதிய கம்பெனியின் கடைக்குப் போக வேண்டும். இப்போதைய கம்பெனியில் 90 நாள் ஆகியிருக்க வேண்டும், பாக்கி இருக்கக் கூடாது. அவ்வளவுதான். வீட்டில் பிராட்பேண்ட் இருப்பவர்களுக்கு இன்னும் சுலபமான வழி இருக்கிறது. போன் செட்டிங்கில் வைஃபை காலிங் என்று ஒன்று இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். கோபுரமே எடுக்காத அறையிலும் சாதாரண அழைப்பு வைஃபை வழியாகப் போகும், வரும். 2019 கடைசியிலிருந்து நம் நாட்டில் இந்த வசதி இருக்கிறது, கூடுதல் கட்டணமும் கிடையாது. எத்தனையோ வீடுகளில் அதைத் தொட்டதே இல்லை.

பேட்டரிக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. 5ஜி விளிம்பில் இருக்கும் வீட்டில் போன் 5ஜிக்கும் 4ஜிக்கும் மாறி மாறித் தாவிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தாவலுக்கும் சார்ஜ் செலவாகும், போன் லேசாகச் சூடாகும். புதுப்போன் வாங்கியும் சாயங்காலத்துக்குள் சார்ஜ் இறங்குகிறது என்பவர்கள் நெட்வொர்க் அமைப்பில் போய் 4ஜியை மட்டும் தேர்ந்தெடுத்து சில நாள் பார்க்கலாம். விளிம்பில் இருப்பதுதான் காரணம் என்றால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

இனி ராத்திரி ஒன்பது மணிச் சங்கதி. ஒரு கோபுரத்தின் கொள்ளளவை அந்த வட்டாரத்தில் இருப்பவர்கள் எல்லோரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். சாப்பிட்டு முடித்துத் தெருவே ஒரே நேரத்தில் படம் பார்க்க உட்காரும்போது ஆளுக்குக் கிடைப்பது குறைந்துபோகிறது. 4ஜியின் இந்த நோய்க்கு 5ஜி நிஜமாகவே மருந்து. இதை மறைத்து எழுதினால் நியாயமாகாது. 5ஜிக்கு ஒதுக்கிய அலைவரிசை அகலமானது, அதன் ஆன்டெனாக்கள் ஒரே நேரத்தில் பலரை நோக்கித் தனித்தனியாகக் கற்றையைத் திருப்பக்கூடியவை. மெரினாவில் காணும் பொங்கல் கூட்டத்திலும், தீபாவளிக்கு முந்தைய நாள் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்திலும் 4ஜி மூச்சுத்திணறும்போது 5ஜி போன் வைத்திருப்பவர் பஸ் டிக்கெட்டைத் திறந்து காட்டிவிடுவார். பக்கத்து வீட்டுக்காரர் 5ஜிக்குப் போனால் அவர் விட்டுப்போன 4ஜி இடம் உங்களுக்கும் கொஞ்சம் கிடைக்கும்.

ஆகவே 5ஜி முதலில் தேவைப்படுவது கம்பெனிகளுக்கு. அதே கோபுரத்திலிருந்து அதிகப் பேருக்கு, அதிகத் தகவலை, ஒரு ஜிபிக்குக் குறைந்த செலவில் கொண்டுபோக அது வழி செய்கிறது. டேட்டா பயன்பாடு இவ்வளவு பெருகிய நாட்டில் அவர்கள் அதைக் கட்டித்தான் ஆக வேண்டும். 2022 ஜூலை, ஆகஸ்டில் நடந்த ஏலத்தில் அலைவரிசைக்காக மட்டும் விழுந்த கேள்வி 1,50,173 கோடி ரூபாய். ஜியோவின் பங்கு 88,078 கோடி, ஏர்டெல்லின் பங்கு 43,084 கோடி. கோபுரமும் கருவிகளும் தனி. அந்த ஆண்டு அக்டோபர் 1இல் டெல்லியில் பிரதமர் 5ஜியைத் தொடங்கி வைத்தார். ஏர்டெல் அன்றே கிடைக்கும் என்று அறிவித்த எட்டு நகரங்களில் சென்னையும் ஒன்று. இவ்வளவு பணத்தைப் போட்டவர்கள் அதைத் திரும்ப எடுக்க நினைப்பதில் எனக்கு வியப்பில்லை. அவர்களுடைய தேவையை நம்முடைய தேவைபோலக் காட்டி விற்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா மூன்றும் அடுத்தடுத்து கட்டணத்தை உயர்த்தின. உயர்வு ஏறத்தாழ 10இல் இருந்து 25 சதவீதம் வரை. ஜியோவின் 28 நாள், தினம் 1.5 ஜிபி பேக் 239இல் இருந்து 299 ஆனது. அதுவரை அந்த 239 பேக்கிலேயே அளவில்லாத 5ஜி கிடைத்துக்கொண்டிருந்தது. உயர்வுக்குப் பிறகு தினம் 2 ஜிபி அல்லது அதற்கு மேலுள்ள பேக்குகளுக்கு மட்டும் என்றானது; 28 நாளுக்கு 349 ரூபாய். வித்தியாசம் வெறும் 50 ரூபாய்தானே என்று தோன்றும். 28 நாள் பேக் என்றால் ஆண்டுக்கு 13 ரீசார்ஜ். ஒரு சிம்முக்கு 650 ரூபாய், நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 2,600 ரூபாய். நூறு நாள் வேலைச் சம்பளத்தில் ரீசார்ஜ் செய்யும் வீடுகள் நம் ஊர்களில் இருக்கின்றன. அங்கே 2,600 ரூபாய் என்பது பள்ளி திறக்கும் மாதத்தில் பிள்ளைகளுக்கு நோட்டு, பை, செருப்பு.

பேசுவதற்கு மட்டும் போன் வைத்திருக்கும் பெரியவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். டேட்டாவே இல்லாமல் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக்குகளைக் கம்பெனிகள் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி கொண்டுவந்தது; 365 நாள் வரை செல்லுபடியாகும் பேக்குகளுக்கும் அதில் இடம் கொடுத்தது. மறு மாதமே அவை வந்துவிட்டன. கம்பெனியின் செயலியில் முதல் பக்கத்தில் அவை தெரியாது, கொஞ்சம் தேட வேண்டும். அம்மா, அப்பா, தாத்தா, பாட்டிக்கு ரீசார்ஜ் செய்கிற பிள்ளைகள் ஒரு தடவை தேடிப் பாருங்கள். தொடாத டேட்டாவுக்கு ஆண்டு முழுவதும் காசு கட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

"4ஜி வந்தபோதும் இப்படித்தான் சொன்னார்கள், இப்போது அது இல்லாமல் இருக்க முடிகிறதா?" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. நான் 4ஜியையும் 5ஜியையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். 2016 செப்டம்பர் 5இல் ஜியோ வருவதற்கு முன் ஒரு ஜிபி டேட்டா ஏறத்தாழ 250 ரூபாய். பெரும்பாலான வீடுகளில் இன்டர்நெட் என்ற ஒன்றே கிடையாது. அடுத்த சில ஆண்டுகளில் மீனவர் கடலுக்குப் போகும் முன் வானிலைப் படம் பார்க்கிறார், துபாயில் இருக்கும் கணவர் தினமும் பிள்ளையின் முகம் பார்த்துப் பேசுகிறார், பூக்காரம்மா தட்டில் க்யூஆர் அட்டை இருக்கிறது. இல்லாமல் இருந்த ஒன்று கைக்கு வந்தது. தொழில்நுட்பத்தோடு விலையும் இறங்கியதால் நடந்தது அது. ஏர்டெல் கொல்கத்தாவில் 4ஜியைத் தொடங்கியது 2012இல். விலை இறங்கும்வரை நாலு வருடம் அது வசதியானவர்களின் சரக்காகவே இருந்தது. 3ஜியின் கதை அதைவிட மோசம். 2010 ஏலத்தில் அறுபத்தேழாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் கொட்டி வாங்கினார்கள், சாதாரண மக்கள் பலர் அதைத் தொடாமலே 2ஜியிலிருந்து நேராக 4ஜிக்கு வந்துவிட்டார்கள். 5ஜி வந்து இவ்வளவு நாளாகிறது. 4ஜியில் செய்ய முடியாமல் 5ஜியில் மட்டும் செய்ய முடிகிற ஒரு அன்றாட வேலையை எனக்கு யாரும் இன்னும் காட்டவில்லை.

விதிவிலக்காக நான் ஏற்பது, வீட்டு இன்டர்நெட். ஃபைபர் கேபிள் வராத தெருக்களில், வாடகை வீட்டில் துளை போட ஓனர் விடாத இடங்களில், மாடியில் ஒரு பெட்டியை வைத்து 5ஜி சிக்னலை வைஃபையாக மாற்றித் தரும் ஏர்ஃபைபர் சேவை 2023இல் வந்தது. ஜியோவும் ஏர்டெல்லும் தருகின்றன. நாலு பேர் படிக்கும் வீட்டுக்கு, வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு, தையல் வகுப்பை வீடியோ எடுத்து யூடியூப்பில் ஏற்றும் அக்காவுக்கு அது பெரிய உதவி. ஏற்றுவதும் இறக்குவதும் அங்கே உண்மையிலேயே அதிகம், ஆளுக்கொரு பேக் போடுவதை விடச் செலவும் குறையலாம். 5ஜிக்குப் பணம் கொடுக்கத்தான் வேண்டும் என்றால் போனுக்குக் கொடுப்பதை விட வீட்டுக்குக் கொடுப்பது மேல் என்பேன்.

போன் வாங்குவதைப் பற்றிச் சுருக்கமாக. பழைய போன் உடைந்துவிட்டது, பேட்டரி போய்விட்டது, புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் 5ஜி உள்ளதையே வாங்குங்கள். பத்தாயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது, நாலைந்து வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள். கம்பெனிகள் 3ஜியை மூடி அந்த அலைவரிசையை 4ஜிக்குக் கொடுத்ததுபோல, நாளை 4ஜியின் இடத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக 5ஜிக்கு மாற்றும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் போனைத் தூக்கிப்போட வேண்டாம். இந்தியாவில் முதல் 5ஜி போன்கள் 2020 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தன, 5ஜி வந்தது 2022 அக்டோபரில். இடையில் 5ஜி என்று நம்பி வாங்கியவர்கள் இரண்டரை வருடம் 4ஜியைத்தான் ஓட்டினார்கள். சேவை தொடங்கிய பிறகும் ஐபோன்காரர்கள் டிசம்பர் மாத அப்டேட் வரும்வரை காத்திருந்தார்கள். சிலருடைய போன் வேகம் குறைந்து, சேவை தொடங்கும் முன்பே மாற்றும் நிலைக்கு வந்துவிட்டது. வாங்கும்போது ரேம் எவ்வளவு, எத்தனை வருடம் அப்டேட் தருவார்கள், சர்வீஸ் சென்டர் உங்கள் ஊரில் இருக்கிறதா என்று கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து மச்சான் வாங்கிவரும் போன் என்றால் என்78, என்28 பட்டைகள் அதில் உண்டா என்றும் பாருங்கள். ஜியோவின் 700 மெகாஹெர்ட்ஸ் 5ஜிக்கு இரண்டாவது வேண்டும்.

டவர் எடுக்காத வீடுகளைப் பற்றி எழுதும்போதெல்லாம் 2020 நினைவுக்கு வருகிறது. பள்ளிகள் மூடி ஆன்லைன் வகுப்பு நடந்த மாதங்களில் மலைக் கிராமங்களில் பிள்ளைகள் சிக்னலுக்காக மரத்தில் ஏறினார்கள், தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். அந்தப் பிள்ளைகள் கேட்டது ஒரே ஒரு மெகாபிட், விட்டுவிட்டு வராமல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையில் வீட்டைச் சுற்றித் தண்ணீர் நிற்கும்போது, மின்சாரம் போய், கோபுரங்களின் பேட்டரி தீர்ந்து, போன்கள் ஊமையாகிவிட்டன. வேளச்சேரியில், பெரும்பாக்கத்தில் வயதான பெற்றோர் எப்படி இருக்கிறார்கள் என்று தெரியாமல் வெளியூர்ப் பிள்ளைகள் தவித்தார்கள். நாட்டின் முதல் 5ஜி நகரங்களில் ஒன்றில் நடந்தது இது. அந்த ராத்திரி வேண்டியிருந்தது கோபுரத்தின் அடியில் இன்னும் இரண்டு நாளுக்கு டீசல், தண்ணீர் ஏறாத உயரத்தில் ஒரு ஜெனரேட்டர்.

அதனால்தான், அண்மைய ஆண்டுகளில் தொலைத்தொடர்பில் எனக்கு அதிக மகிழ்ச்சி தந்தது 2025 செப்டம்பரில் வந்த ஒரு 4ஜிச் செய்தி. ஒடிசாவின் ஜார்சுகுடாவில் பிஎஸ்என்எல்லின் உள்நாட்டுத் தொழில்நுட்ப 4ஜி நாடு முழுவதுக்குமாகத் தொடங்கப்பட்டது, 97,500 கோபுரங்களுக்கு மேல். அதுவரை சிக்னலே இல்லாத ஊர்களும் அதில் அடக்கம். இன்னும் பத்து வருடம் முந்தி வந்திருக்க வேண்டியது, ஆனாலும் வந்தது. அவற்றைத் தினமும் ஓடும் நிலையில் வைத்திருக்க வேண்டும், கரண்ட் போனால் ஓடும் பேட்டரி வேண்டும், கோபுரம் வரைக்கும் ஃபைபர் வேண்டும். கோபுரத்தில் 5ஜி ஆன்டெனா மாட்டிவிட்டு அதற்குப் பின்னால் தகவலைக் கொண்டுபோகும் குழாய் சிறியதாகவே இருந்தால் பயனில்லை. 2023 மார்ச்சில் மத்திய அரசு 6ஜி தொலைநோக்கு ஆவணத்தையும் வெளியிட்டுவிட்டது, இலக்கு 2030. ஆராய்ச்சி நடக்கட்டும், நம் பிள்ளைகளும் அதில் இருக்கட்டும். அதற்குள் எல்லா வீட்டு அடுப்படியிலும் 4ஜியில் பேச முடிய வேண்டும் என்பது என் ஆசை.

இதற்கு நம் பக்கத்திலிருந்தும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. எந்த இடத்தில் 2ஜி, 4ஜி, 5ஜி கிடைக்கிறது என்ற வரைபடத்தைக் கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பது டிராயின் விதி. போனுக்கோ பேக்குக்கோ பணம் கட்டும் முன் அதைத் திறந்து உங்கள் தெருவைத் தேடுங்கள். வரைபடம் சேவை உண்டு என்று காட்டி, வீட்டில் டவர் எடுக்கவில்லை என்றால் 198க்கு அழைத்துப் புகார் கொடுங்கள். புகார் எண் தருவார்கள், தேதியோடு குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தீர்வு வரவில்லை என்றால் அதே கம்பெனிக்குள் மேல்முறையீட்டு அதிகாரி ஒருவர் இருக்கிறார். அவருக்கு அந்த எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். தெருவில் நாலு வீடு சேர்ந்து எழுதினால் இன்னும் நல்லது.